கைனேஸை உறங்கவைத்த இலை

மனித குலத்தைப் பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்துவரும் புற்றுநோய் என்னும் கொடும்பகை, கடைசியில் கள்ளக்குறிச்சியில், சாந்தகுமாரி கலை அறிவியல் கல்லூரியின் இரண்டாவது மாடியில், ஒரு கண்ணாடி டம்ளருக்குள் மண்டியிட்டது. வரலாறு இந்த நாளைப் பொன்னெழுத்துகளால் பொறிக்கும் என்று மாநாட்டு அழைப்பிதழ் அறிவித்தது. அச்சகத்தில் பொன் மை தீர்ந்துபோயிருந்ததால் அந்த வரியை மஞ்சளில் அடித்திருந்தார்கள்.

டம்ளருக்குள் மண்டியிட்டது வெங்காயம்.

பெரிய வெங்காயம், நாட்டு ரகம். அடிப்பக்கம் தண்ணீரில் படும்படி நாலு பல்குச்சி குத்தி டம்ளர் வாயில் உட்கார வைத்தால், இரண்டு மூன்று நாளில் வெள்ளையாக வேர் விடும். அந்த வேரின் நுனியில்தான் செல்கள் மும்முரமாகப் பிரிந்துகொண்டிருக்கும். நுனியை வெட்டி, அமிலத்தில் இளக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டுக்கடியில் கட்டைவிரலால் அழுத்தி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஆயிரம் செல்லில் எத்தனை பிரிந்துகொண்டிருந்தன என்று எண்ணலாம். தண்ணீரில் வளர்ந்த வெங்காயத்தில் எண்பது. கல்வராயன் மலை இலைச்சாற்றில் வளர்ந்த வெங்காயத்தில் ஒன்பது. மூன்று வருடமாக ஒன்பது, சில நாள் எட்டு. இந்த ஒன்பதை வைத்துத்தான் உயிரித் தொழில்நுட்பத் துறைத் தலைவர் முனைவர் தனசேகரன் சர்வதேச மாநாடு கூட்டினார். சர்வதேசத்திலிருந்து ஒருவர் இணைய வழியில் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

செல்லைப் பிரியவிடாமல் இலை எதைத் தடுக்கிறது என்று கேட்டால் தனசேகரன் ஒரே சொல்லில் பதில் சொல்வார்: கைனேஸ்.

கைனேஸ் என்பது ஒரு நொதி. அதற்கு ஒரே வேலை. ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும். ஒட்டியதும் அந்தப் புரதம் விழித்துக்கொள்ளும், சில சமயம் அடங்கிப்போகும். தாலுக்கா ஆபீசில் முத்திரை குத்துகிறவரைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் படிப்படியாக இந்த முத்திரை விழ வேண்டும். டிஎன்ஏவை நகலெடுக்க ஒன்று. நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தபிறகு அடுத்தது. சைக்ளின் என்ற புரதம் வந்து பக்கத்தில் நின்றால்தான் இந்தக் கைனேஸ் முத்திரையையே கையில் எடுக்கும். சைக்ளின் வரும், போகும். கைனேஸ் நாற்காலியை விட்டு எழாது. ஏதாவது பிசகியிருந்தால் முத்திரை கிடையாது. செல் அங்கேயே நிற்கும். புற்றுநோய் என்பது, பார்க்காமலே முத்திரை குத்திக்கொண்டு போவதால் வருவது.

கைனேஸை அளக்கும் கருவி கல்லூரியில் இல்லை. கைனேஸ் படம் போட்ட போஸ்டர் இருந்தது. அதை ஒன்பது என்று எழுதிய பலகைக்கு மேலே மாட்டியிருந்தார்கள்.

தனசேகரனின் துறையிலும் எந்தக் காகிதமும் அவர் கையெழுத்து இல்லாமல் நகராது. பினாயில் பாட்டிலுக்குக் கையெழுத்து. விளக்குமாற்றுக்குக் கையெழுத்து. அதையும் பச்சை மையில்தான் போடுவார். அரசு அதிகாரிகளுக்குரிய மை அது, தனியார் கல்லூரியில் எதற்கு என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, "கண்ணுக்குக் குளிர்ச்சி" என்றார். ஆய்வேடுகளுக்கு அவர் தனி விதியே வைத்திருந்தார். மற்ற துறைகளில் நெறியாளர் முதல் பக்கத்துச் சான்றிதழில் மட்டும் கையெழுத்திடுவார். இவர் துறையில் பட்டியல், அட்டவணை, முடிவு என்று எண் வருகிற ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் பச்சைக் கையெழுத்து இருக்க வேண்டும். தரக் கட்டுப்பாடு என்பது அதற்கு அவர் வைத்த பெயர்.

அந்தக் கையெழுத்துக்காக இலக்கியா காத்திருந்தாள். ரிஷிவந்தியத்துக்காரி. அம்மா நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர். இலக்கியா ஆராய்ச்சிக்குப் பதிவு செய்து ஆறு வருடம் முடியப்போகிறது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. ஆறு வருடமும் வெங்காயத்தோடு போய்விடும். ஆய்வேடு எழுதி முடித்து மூன்று மாதமாகிறது. கேட்டபோதெல்லாம் தனசேகரன் சொன்னார்:

"மாநாடு முடியட்டும்மா. அதுக்கப்புறம் உன் தீசிஸுக்கே ஒரு கௌரவம் வந்துடும்."

மாநாடு பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை.

இலை கிடைத்த கதை சிறியது. மூன்று வருடத்துக்கு முன் துறை மாணவர்களைக் கரியாலூர் பக்கம் அருவி பார்க்கக் கூட்டிப்போனார் தனசேகரன். வழியில் சின்னக்கண்ணு என்பவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஆடுகள் ஒரு செடியை மட்டும் சுற்றிக்கொண்டு போயின.

"இது இன்னா செடி?"

"செடிங்க."

"பேரு?"

"பேரு வெக்கிற அளவுக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க. ஆடுகூட வாய வெக்காது."

"ஏன் வெக்கல? யோசிச்சுப் பாத்தியா?"

"கசக்குங்க."

தனசேகரன் மாணவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? பழங்குடி மக்களோட பாரம்பரிய அறிவு" என்றார். அந்தச் செடிக்கு அங்கேயே கல்லூரித் தாளாளர் பெயரால் 'தங்கதுரைப் பச்சிலை' என்று பெயரும் வைத்தார். ஆடுகள் அதையும் பொருட்படுத்தவில்லை.

அதிலிருந்து மாதம் ஒருமுறை சின்னக்கண்ணு ஒரு சாக்கு இலையைக் கச்சிராயப்பாளையம் பஸ்ஸில் போட்டுக்கொண்டு வந்து இறக்குவார். ஒருநாள் இலக்கியாவிடம் கேட்டார்:

"இவ்ளோ தூரம் எடுத்துகினு வரேனே, இத வெச்சு இன்னாம்மா பண்றீங்க?"

"வெங்காயத்துக்கு ஊத்தறோங்க."

சின்னக்கண்ணு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "வெங்காயத்துக்கு இன்னா நோவு?"

இலக்கியாவுக்குத் தெரிந்ததெல்லாம் காலை ஒன்பது மணிக்கு வந்ததும் மேசைமேல் இரண்டு டம்ளர் இருக்கும் என்பது. சாற்று டம்ளரைத் தனசேகரனும் அட்டெண்டர் பிச்சைமுத்துவும் தவிர யாரும் இடம் மாற்றக் கூடாது. நாலே முக்காலுக்கு ரிஷிவந்தியம் பஸ்ஸைப் பிடிக்க அவள் கிளம்பும்போதும் டம்ளர்கள் மேசைமேலேயே இருக்கும். காலையில் ஒரே ஒரு வித்தியாசம்: சாற்று டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வியர்த்திருக்கும்.

"சார், இது ஏன் இப்படி வேர்க்குது?" என்று இலை வந்த முதல் வருடமே கேட்டாள்.

தனசேகரன் டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"குளிர்ச்சி" என்றார். "இந்த இலை அவ்வளவு குளிர்ச்சி. எங்க அம்மா வெந்தயத்த ஊறவெச்சுக் குடுப்பாங்க, அது மாதிரி. இத நோட் பண்ணிக்கோ."

நோட் பண்ணிக்கொண்டாள். 'இவ்விலை இயல்பிலேயே மிகுந்த குளிர்ச்சி பொருந்தியது. சாறு நிரப்பிய கலம் காலை வேளைகளில் வியர்ப்பது தொடர்ந்து காணப்பட்டது' என்று அது ஒரு கட்டுரையிலும் அச்சேறியது. கட்டுரையைப் படித்த யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெந்தயம் குளிர்ச்சி, நுங்கு குளிர்ச்சி, எலுமிச்சை குளிர்ச்சி என்று வளர்ந்தவர்களுக்கு ஒரு இலை குளிர்ச்சி என்பதில் கேட்க என்ன இருக்கிறது?

மாநாட்டு வெள்ளிக்கிழமை காலை இலக்கியா எட்டே காலுக்கே வந்துவிட்டாள். கல்லூரி வாசலில் டிஎன்ஏ ஏணியைப் போல முறுக்கிய சீரியல் லைட் வளைவு, அதன் நடுவே தாளாளர் தங்கதுரையின் படம். பகல் வெளிச்சத்திலும் எரிந்துகொண்டிருந்தது. மாடி ஏறி ஆய்வகக் கதவைத் தள்ளியதும் புளித்த வாடை அடித்தது.

மூலையில் இருந்த ஃப்ரிட்ஜின் கதவிடுக்கிலிருந்து வெள்ளையாக ஏதோ வழிந்து தரையில் பாதி காய்ந்திருந்தது. ரசாயனம் எதுவும் உடைந்துவிட்டதோ என்று பயந்து திறந்தாள். உள்ளே ஒரு எவர்சில்வர் தூக்கு. மூடியைத் தூக்கித் தள்ளிவிட்டு மாவு பொங்கி வழிந்திருந்தது.

அது துறைத் தலைவரின் இட்லி மாவு. காலையில் வரும்போதே மாவுக்கடையில் வாங்கிவிடுவார். சாயங்காலம் போனால் தீர்ந்துவிடுமாம். வீட்டுக்குப் போகும்வரை புளிக்காமலிருக்க ஆய்வக ஃப்ரிட்ஜில் வைப்பார். முந்தின நாள் மாநாட்டுப் பரபரப்பில் எடுத்துப்போக மறந்திருக்கிறார். ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் மாவு ஏன் பொங்க வேண்டும்?

கைவிட்டுப் பார்த்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. பிளக்கைத் தேடினாள். ஃப்ரிட்ஜின் பிளக் தரையில் கிடந்தது. சுவரில் அதன் இடத்தில் வேறொரு ஒயர் செருகப்பட்டு, ஜன்னல் வழியாக இறங்கி, வாசல் வளைவை நோக்கிப் போயிருந்தது.

தூக்குக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜுக்குள்ளேயே, சாற்று டம்ளர் இருந்தது. டம்ளரில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. வெங்காயம் விரல் நீளத்துக்கு வெள்ளைத் தாடி விட்டிருந்தது.

இலக்கியா டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பிச்சைமுத்து துடைப்பத்தோடு வந்தார். முப்பது வருட அனுபவம் உள்ளவர். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"அண்ணே, இந்த டம்ளரு ராத்திரி எங்க இருக்கும்?"

"எங்க இருக்கும்? ஃப்ரிட்ஜிலதான். அஞ்சு மணிக்கு உள்ள வெப்பேன், காலைல நீ வரதுக்குள்ள எடுத்து வெளிய வெச்சிடுவேன். இன்னிக்கி பந்தல் வேலையில லேட்டாயிப்போச்சு."

"யாருண்ணே ஃப்ரிட்ஜில வெக்கச் சொன்னது?"

"அய்யாதான் சொன்னாரே, இத உசுரு மாதிரி பாத்துக்கோ, கெட்டுப்போவக் கூடாதுன்னு. வூட்ல பால வெளியவா வெப்போம்?"

"தண்ணி டம்ளரு?"

"அது சும்மா தண்ணிம்மா. அதுல கெட்டுப்போவ இன்னா இருக்குது?"

"மூணு வருஷமாவா?"

"ஒரு நாள் தவறல" என்றார் பிச்சைமுத்து, நெஞ்சை நிமிர்த்தி. "பொங்கல் லீவுலகூட வந்து பாத்துட்டுப் போயிருக்கேன்."

"ஏண்ணே என்கிட்ட சொல்லல?"

"நீ எங்கம்மா கேட்ட?"

அதற்குள் சீரியல் லைட் போட்ட சரத்குமார் ஒயரைச் சரிபார்க்க ஜன்னலில் தலையை நீட்டினான். "அக்கா, அத மட்டும் புடுங்கிடாத. இந்த மாடியிலயே அந்தப் பாயிண்ட்டுதான் லோடு தாங்குது. புதன்கெழமைலேர்ந்து நிக்காம எரியுது, பாத்தியா?"

இரண்டு ராத்திரி. நேற்று மாநாட்டு வேலையில் அவள் டம்ளர் பக்கமே போகவில்லை. இலக்கியா இரண்டு டம்ளரிலிருந்தும் வேர்நுனி வெட்டினாள். அவசரத்தில் அமிலம் மேசையில் சிந்தியது. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். இலைச்சாற்று வெங்காயத்தில் இதுவரை அவள் பார்த்திராத காட்சி. ஒரு செல்லில் குரோமோசோம்கள் நூல்கண்டைப் போலச் சுருண்டிருந்தன. பக்கத்துச் செல்லில் நடுவில் வந்து வரிசைகட்டி நின்றன. இன்னொன்றில் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பிரிந்து போய்க்கொண்டிருந்தன. எந்த முத்திரையும் விட்டுப்போகவில்லை. எண்ணினாள். ஆயிரத்துக்கு எண்பத்தொன்று. தண்ணீர் வெங்காயத்தில் எழுபத்தொன்பது.

மூன்று வருடமாகக் கைனேஸ்களை உறங்கவைத்தது இலை அல்ல, ஃப்ரிட்ஜ். குளிரில் எந்த நொதியும் சோம்பும். அதைப் பதினோராம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்.

ஒன்பதரைக்குத் தனசேகரன் வந்தார். கோட்டு, டை, மார்பில் பித்தளை இலை பதித்த பேட்ஜ். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் மாவைப் பார்த்தார்.

"ரெண்டு கிலோ" என்றார். "போச்சா?"

"சார், வெங்காயம்..."

"தெரியுது, தெரியுது." கதவைச் சாத்தினார். "இது யாருக்காச்சும் தெரியுமா?"

"பிச்சைமுத்து அண்ணனுக்குத் தெரியும். ஆனா அவருக்கு இது இன்னான்னு தெரியாது."

"நல்லதாப் போச்சு. பழைய ஸ்லைடு ஒண்ண எடுத்து வெச்சிடு. ஒன்பது இருக்கறது."

"சார், அது பொய்யாச்சே."

"பொய் இன்னா பொய்? அன்னிக்கி ஒன்பதுதானே இருந்துச்சு? அது ஒன்பதுதானே?" குரலைத் தாழ்த்தினார். "இலக்கியா, முப்பதாம் தேதி ஞாபகம் இருக்குதுல்ல?"

ஞாபகம் இருந்தது. அதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் ஞாபகத்தில் இல்லை. பழைய ஸ்லைடுப் பெட்டியை எடுத்தாள். பெட்டியைத் திறக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

திறக்க வேண்டிய அவசியம் வரவில்லை. தலைமை விருந்தினர் பேராசிரியர் சுபஸ்ரீ சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாக வந்து இறங்கினார். நூல் புடவை, தோளில் துணிப்பை. பொன்னாடையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். ஆளுயர மாலையைப் பிச்சைமுத்துவின் கையிலேயே கொடுத்தார். தாளாளர் தங்கதுரை முக்கால் மணி நேரம் பேசினார். நெல் ஆலையிலும் கரும்பிலும் வளர்ந்தவர். தலையில் ஒரு முடி கிடையாது. கேன்சரை ஒழிக்கும்வரை தான் ஓயப்போவதில்லை என்று சொல்லி உட்கார்ந்ததும் டீ கேட்டார். இணைய வழி சர்வதேசம் திரையில் வாயை அசைத்தது, சத்தம் வரவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள்.

பிறகு செயல்முறை விளக்கம். மைக்ராஸ்கோப்பில் கேமரா பொருத்தி மேடைத் திரையோடு இணைத்திருந்தார்கள். தனசேகரன் இலக்கியாவுக்குக் கண்ணைக் காட்டினார். அதற்குள் சுபஸ்ரீ எழுந்து வந்தார்.

"இன்னைக்குக் காலைல வெட்டின வேரா?"

"ஆமாங்க மேடம்" என்றாள் இலக்கியா.

"நானே பண்ணிப் பாக்கட்டுமா? முப்பது வருஷம் பசங்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

சாற்று டம்ளர் வெங்காயத்தின் வேரை எடுத்தார். சாயம் ஏற்றினார். கட்டைவிரலால் அழுத்தினார். மைக்ராஸ்கோப்பில் வைத்தார். திரையில் பந்தி போட்டாற்போல் செல்கள் நிறைந்தன. எங்கே பார்த்தாலும் குரோமோசோம்கள் வரிசைகட்டிப் பிரிந்து விலகிக்கொண்டிருந்த நிலையில் உறைந்து நின்றன.

மண்டபம் அமைதியானது. உயிரியல் தெரிந்தவர்கள் அமைதியானார்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து அமைதியானார்கள்.

தங்கதுரை மைக்கைப் பிடித்தார். "தனசேகரு, இது இன்னா? நிக்குதா, பிரியுதா?"

தனசேகரன் கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினார். "பிரியுதுங்கய்யா."

"ரொம்பப் பிரியுதா?"

"ஜாஸ்தியாவே பிரியுதுங்கய்யா."

"நம்ம இலை ஊத்தினதா?"

"நம்ம இலை ஊத்தினதுதாங்க."

"அப்ப இலை வளக்குதுன்னு சொல்லு!" தங்கதுரை சபையைப் பார்த்து முழங்கினார். பிறகு மைக்கிலிருந்து வாயை எடுக்காமலே, ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்: "மயிருக்கு நல்லதா?"

இருநூறு பேர் கேட்டார்கள். தனசேகரன் அந்த ஒரு நொடியில் மூன்று வருட அறிவியலைக் கடந்தார்.

"செல் பிரிதலைத் தூண்டும் கைனேஸ்களை இந்தத் தங்கதுரைப் பச்சிலை தட்டி எழுப்புகிறது!" என்றார். "மயிர்க்கால் உள்ளிட்ட சகல செல்களையும்!"

கைதட்டல் எழுந்தது. எல்லாரையும் விட நெடுநேரம் தட்டியவர் தங்கதுரை. சுபஸ்ரீ திரையைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், இலக்கியாவைப் பார்த்தார். அவள் பழைய ஸ்லைடுப் பெட்டியை மேசைக்கடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

மாநாடு முடிந்த மறுநாள் தனசேகரன் அவளைக் கூப்பிட்டார். அவர் மேசையில் ஏற்கெனவே முடி எண்ணெய் பாட்டில் மாதிரிகள் நின்றன.

"தீசிஸ்ல சின்ன மாத்தம்தான். 'தடுக்கும்'னு இருக்கற எடத்துலல்லாம் 'தூண்டும்'னு போட்டுடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"எண்ணிக்கை சார்? ஒன்பதுன்னு இருக்கே?"

"அதையும் பாத்து மாத்திக்கோ. நீ புத்திசாலிப் பொண்ணு."

பதிவுசெய்த தலைப்பை மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. 'கல்வராயன் மலைப் பச்சிலைச் சாறும் வெங்காய வேர்நுனிச் செல் பிரிதல் கைனேஸ்களும்: ஓர் ஆய்வு' என்பது தலைப்பு. தடுப்பதற்கும் தூண்டுவதற்கும் சும்மா இருப்பதற்கும் 'ஓர் ஆய்வு' இடம் கொடுக்கும்.

இலக்கியாவிடம் பதினேழு நாள் இருந்தது. நாலு டம்ளர் எடுத்தாள். இரண்டில் சாறு, இரண்டில் தண்ணீர். ராத்திரியில் ஒவ்வொன்றிலும் ஒன்றை ஃப்ரிட்ஜில், ஒன்றை மேசையில். பிச்சைமுத்துவுக்கு இது பிடிக்கவில்லை.

"தண்ணியப் போயி உள்ள வெக்கறியேம்மா. அய்யா மாவு எங்க வெப்பாரு?"

"மாவு பக்கத்துல இருக்கட்டும்ணே. அதையும் எழுதிக்கறேன்."

"இன்னாத்துக்கு?"

"உள்ள இருந்ததெல்லாம் எழுதணும்ணே. அதுதான் முறை."

"மூணு வருஷமா இந்த மொறை எங்க போச்சு?"

இலக்கியா டம்ளர்களில் தேதி எழுதி ஒட்டினாள். ஐந்து முறை செய்து பார்த்தாள். மேசையில் இருந்த சாறு, எண்பது. மேசையில் இருந்த தண்ணீர், எண்பத்திரண்டு. ஃப்ரிட்ஜில் இருந்த சாறு, ஒன்பது. ஃப்ரிட்ஜில் இருந்த வெறும் தண்ணீர், எட்டு. இலை எதையும் தடுக்கவில்லை, எதையும் தூண்டவில்லை. சின்னக்கண்ணு முதல் நாளே சொன்னதுபோல அதில் ஒன்றும் இல்லை. அதை அப்படியே எழுதினாள். பழைய ஒன்பதுகள் எப்படி வந்தன என்பதையும், தனக்கு அது தெரியாமல் போனதையும் மறைக்காமல் எழுதினாள். டம்ளர் வியர்த்ததற்கு இரண்டு பத்தி. முடிவுரையை எழுதிவிட்டு, இதைத் தனசேகரன் படித்தால் முப்பதாம் தேதி என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிடிபி கடையில் ஐந்து படி எடுத்து பைண்டு பண்ணக் கொடுக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் அடித்தது.

முப்பதாம் தேதி மூன்று மணிக்குத் தனசேகரன் கல்லூரி வாசலில் கார் பக்கத்தில் நின்றிருந்தார். காதில் போன்.

"லேபிள்ல என் போட்டோ வலது பக்கம் வரணும். அய்யா போட்டோ இடது பக்கம். இல்ல, இல்ல, விக் வெச்ச போட்டோ போடாத, இடது பக்கம் மருந்துக்கு முன்னாடிதானே, அப்புறம்னு ஆயிடும்..." இலக்கியாவைப் பார்த்ததும் போனைப் பொத்தினார். "மாத்திட்டியா?"

"மாத்திட்டேன் சார்."

"எல்லா எடத்துலயும்?"

"எல்லா எடத்துலயும் சார். ஒருதரம் படிச்சுப் பாத்துட்டீங்கன்னா..."

"படிக்காம இன்னா? நான் சொல்லி நீ எழுதினது." காரின் முன்பக்கத்தில் ஐந்து படிகளையும் அடுக்கச் சொன்னார். போன் காதில், பேனா கையில். சான்றிதழில் ஒன்று. பிறகு அவர் விதிப்படி எண் வரும் பக்கமெல்லாம். இலக்கியா புரட்டினாள், அவர் போட்டார். புரட்டினாள், போட்டார். நாற்பத்தோராம் பக்கத்தில் பச்சை மை தீர்ந்தது. அவள் அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். காரைத் திறந்து வேறு பச்சைப் பேனா எடுத்து வந்து மறுபடி தொடர்ந்தார். கையெழுத்து போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போனது. நாலு மணிக்கு முன்பே ஐந்து படியும் முடிந்தது, அன்றே இலக்கியா ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.

நாலு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு. பொது நிகழ்ச்சி, யார் வேண்டுமானாலும் வரலாம். தங்கதுரை தலையில் எண்ணெய் பளபளக்க முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் தனசேகரன். பின்னால் பிச்சைமுத்து. பல்கலைக்கழகம் அனுப்பிய புறத்தேர்வாளர் சுபஸ்ரீதான். ஆய்வேட்டைக் கையில் வைத்திருந்தார். ஓரங்களில் நிறையப் பென்சில் குறி.

"ரொம்ப நேர்மையா எழுதியிருக்கீங்க" என்றார். தனசேகரன் முன்னால் சாய்ந்து தலையசைத்து ஏற்றுக்கொண்டார். "நெறியாளர் இதை முழுசா ஏத்துக்கிட்டது எனக்கு ஆச்சரியம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தே போட்டிருக்காரு. தன் முடிவு தப்புன்னு தன் மாணவி எழுதினதுக்கு இப்படி ஒப்புதல் கொடுக்கற மனசு எத்தனை பேருக்கு வரும்?"

தனசேகரனின் தலை அசைவு பாதியில் நின்றது.

"ஒரே ஒரு கேள்வி. ஃப்ரிட்ஜை நாலு டிகிரின்னு எழுதியிருக்கீங்க. அடிக்கடி திறந்து மூடினா அது மாறும். வேற எதுக்காவது அதைப் பயன்படுத்தினீங்களா?"

"எழுதியிருக்கேங்க மேடம்" என்றாள் இலக்கியா. "எழுபத்துநாலாம் பக்கம்."

சுபஸ்ரீ புரட்டினார். தனசேகரனும் தன் படியை முதன்முறையாகத் திறந்து புரட்டினார்.

எழுபத்துநாலாம் பக்கத்தில், பரிசோதனைக் காலத்தில் ஃப்ரிட்ஜில் இருந்த பொருட்களின் பட்டியல் இருந்தது. அதில் ஐந்தாவது, 'நெறியாளரின் இட்லி மாவு, இரண்டு கிலோ, தினமும்.' கீழே பச்சை மையில் அவர் கையெழுத்து இருந்தது.